பைரியா, வல்லூறா

பாண்டித்துரையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் பல வருஷமாகச் சொல்லிவந்தார்கள். ஒருவருக்கு மதுரையில் ஜவுளிக்கடை. இன்னொருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்குட்டியான இவருக்குப் பாகத்தில் வந்தது அபிராமத்துக்கு வெளியே, கண்மாய்த் தண்ணீர் எட்டிப் பார்க்காத ஒரு துண்டு நிலம். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் குண்டு மிளகாய், அதுவும் காய்ந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர் வானத்தைப் பார்த்தார். பார்த்துப் பார்த்து, அந்த ஒரு வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஆகிவிட்டது.

கண் அப்படி. உச்சியில் எள் அளவில் தெரியும் புள்ளி புறாவா, மைனாவா, காற்றில் கிளம்பிய பாலிதீன் பையா என்று மற்றவர்கள் நெற்றியில் கை வைத்துத் தடுமாறும்போது, இவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்லுவார். நம் பக்கத்தில் இரண்டாவதைச் சொல்லும் ஆண்பிள்ளை எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் புறாக்காரர்களிடம் அவருக்கு அவ்வளவு மரியாதை.

கமுதியிலும் கடலாடியிலும் சாயல்குடியிலும் வாலிநோக்கத்திலும் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். குழு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாட்ஸ்அப், வருஷத்துக்கு ஒரு போட்டி, ஒரு கேடயம், மீதி நாளெல்லாம் சண்டை. போட்டி சில நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் விடியும்போது ஒவ்வொரு வீட்டு மாடியிலிருந்தும் மூன்று புறாவை விடுவார்கள். எல்லா நாளையும் கூட்டினால் எந்த வீட்டுப் புறா நெடுநேரம் இறங்காமல் பறக்கிறதோ அந்த வீட்டுக்குக் கேடயம். மூன்றில் ஒன்று வந்து மாடியில் உட்கார்ந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. இதில் சொந்தக்காரனை யாரும் நம்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வந்து உட்காருவார். நடுவர் போனில் பேசினால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், அந்த வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும். அந்த அளவுக்குப் பரஸ்பர நம்பிக்கை.

ஒரே ஒரு சலுகை உண்டு. அது பைரிக்கு. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இந்தக் கடலோரத்தில் தங்கும் அந்தப் பறவை, புறாவுக்கு மேலே ஏறி, றெக்கையை ஒடுக்கி விழுந்தால் அப்புறம் அங்கே புறா இருக்காது, நாலு இறகுதான் மிதந்து வரும். அதனால் நடுவர் “பைரி” என்று குழுவில் சொல்லிவிட்டால், அந்த வீட்டுக்காரர் புறாக்களைக் கீழே கூப்பிட்டுக்கொள்ளலாம். இன்னொரு நாள் மறுபடியும் விடலாம். வல்லூறுக்கும் பருந்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. வல்லூறு மரத்தில் ஒளிந்திருந்து தாழப் பறப்பதைப் பிடிக்கும் ரகம். அதைப் பார்த்து இறங்குகிற புறா பந்தயத்துக்கு லாயக்கில்லாத புறா என்பது குழுவின் தீர்ப்பு.

சரி, வந்தது எதுவென்று எப்படிச் சொல்வது? வேகமாகக் கடந்து போகிற ஒன்றை முழுசாகப் பார்க்க யாருக்கு வாய்க்கும்? அதற்குப் புறாக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வந்த பறவையைப் பார்க்க மாட்டார்கள், புறாவைப் பார்ப்பார்கள். பைரியைக் கண்டால் புறாக்கள் ஒன்றாக நெருங்கி மேலே மேலே ஏறும், ஏனென்றால் பைரிக்குக் கீழே இருப்பதுதான் ஆபத்து. வல்லூறைக் கண்டால் சிதறிக் கீழே விழும். பருந்தை மதிக்கவே மதிக்காது. ஏறினால் பைரி, இறங்கினால் வல்லூறு. பாண்டித்துரையும் இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்லிவந்தார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அவர் மனைவி கோகிலாவுக்கு முதலில் புறா என்றாலே வேப்பங்காய். மாடியில் மிளகாய் காயப்போட்டால் எச்சம் விழுகிறது என்று தினமும் ஒரு பாட்டம் திட்டு நடக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாய்ப்புறா ஒன்று குஞ்சை விட்டுவிட்டு வேறு கூண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கோகிலா அதைத் திட்டிக்கொண்டே குஞ்சை எடுத்து வந்து, கம்பை ஊறவைத்து, விரல் நுனியில் வைத்து ஊட்டினாள். றெக்கை முளைத்ததும் அதற்கு மருக்கொழுந்து என்று பேர் வைத்தாள். சாம்பல் நிறம், ஒரு றெக்கையில் மட்டும் ஒற்றை வெள்ளை இறகு. அது அவள் தோளில் வந்து உட்காரும், பாண்டித்துரை கிட்டே போனால் கொத்தும். பறக்க விட்டபோதுதான் தெரிந்தது, அந்த வட்டாரத்தில் அதைப்போல் காற்றில் நிற்கும் புறா இல்லை. பாண்டித்துரை வெளியூருக்கு நடுவராகப் போகும் நாட்களில் கோகிலாதான் வீட்டுப் புறாக்களை விடுவாள். இறக்க வேண்டுமென்றால் சோள டப்பாவைக் குலுக்கிக் கூண்டுப் புறாக்களை மாடியில் திறந்துவிடுவாள், அதைப் பார்த்து மேலே பறப்பவையும் இறங்கும். எந்த உயரத்திலிருந்தாலும் மருக்கொழுந்து அவள் கைக்கு வந்துவிடும்.

இந்த வருஷம் கடைசி நாளுக்கு முந்தைய கணக்கில் இரண்டு வீடுகள் முன்னால் நின்றன. ஒன்று பாண்டித்துரையுடையது. மற்றது வாலிநோக்கம் தங்கசாமியுடையது. அதுவரைக்கும் கூட்டிய கணக்கில் தங்கசாமிக்குத்தான் கொஞ்சம் நேரம் கூடுதல்.

தங்கசாமியின் அப்பா, பாண்டித்துரையின் அப்பாவுடைய வயலில் கூலி வேலை பார்த்தவர். பிறகு குடும்பத்தோடு உப்பளத்துக்குப் போனார்கள். தங்கசாமி இப்போது உப்பு லாரி ஓட்டுகிறான். உப்பளத்தை ஒட்டி மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறான். அவன் அப்பா “அய்யா” என்று கூப்பிட்ட வீட்டுப் பிள்ளையை அவன் “அண்ணே” என்று கூப்பிட்டான். பாண்டித்துரை அதற்கு முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது காதில் விழத்தான் செய்தது. தங்கசாமி வாய்க்காரன், விட்டுக்கொடுக்காதவன். போன வருஷம் “பைரி, பைரி” என்று கூப்பாடு போட்டு, கடைசியில் அது பருந்து என்று ஆகிக் குழுவே சிரித்தது.

கடைசி நாளைக்கு முந்தின சாயங்காலம் தங்கசாமி வீட்டுக்குப் போக வேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். யாரை அனுப்புவது என்று குழுவில் அடிதடி. அப்போது தங்கசாமியே வாட்ஸ்அப்பில் பேசிப் போட்டான்: “பாண்டி அண்ணன் வரட்டும். போட்டியில அவரும் இருக்காருன்னு யாரும் பேச வேணாம். அவரு கண்ணுக்கு நான் கட்டுப்படுறேன்.” பாண்டித்துரை அதை மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டார். கோகிலாவையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். எந்தக் கேடயமும் அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்திருக்காது. அவர் வீட்டுக்கு நடுவராகக் கடலாடியிலிருந்து பூமிநாதன் வருவதாக முடிவானது. பூமிநாதன் மருந்துக்கடைக்காரர், நல்ல மனுஷன், குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பைரியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

பாண்டித்துரை விடியுமுன் வண்டியை எடுத்து வாலிநோக்கம் போய்ச் சேர்ந்தார். கிழக்கே வெளுத்ததும் தங்கசாமி மூன்று புறாவையும் விட்டான். ஒரு செவலை, இரண்டு கறுப்பு. சட்டென்று மேலே போய்விட்டன. மாடியிலிருந்து பார்த்தால் சுற்றிலும் உப்புப் பாத்தி, அதற்கப்பால் கீற்று மூடிய உப்புக் குவியல்கள், அதற்கப்பால் கடல். பாத்திகளில் உள்ளான் குருவிகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் ஏற ஏற உப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. அபிராமத்து வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு அது வேறு வெயில். பாண்டித்துரைக்குக் கண்ணில் நீர் கோத்தது. துண்டால் துடைத்துக்கொண்டார், யாரிடமும் சொல்லவில்லை.

தங்கசாமியின் மனைவி மகேஸ்வரி இட்லியும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். நடுவருக்கு அந்தந்த வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டார். நடுவில் பூமிநாதன் குழுவில் பேசிப் போட்டார்: அபிராமத்தில் மருக்கொழுந்தும் மற்ற இரண்டும் உயரத்தில் நிற்கின்றன. மற்ற வீடுகளில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் இரண்டே வீடு. தங்கசாமி சிரிப்பதை நிறுத்திவிட்டான். பாண்டித்துரையும் வெற்றிலையைத் தொடவில்லை. இரண்டு பேரும் கழுத்தை அண்ணாந்தபடி ஒரே மாடியில் நின்றார்கள், ஒருவர் நினைப்பது மற்றவருக்குத் தெரியும்.

அப்போது உப்பளத்தில் மேய்ந்த உள்ளான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின.

“அண்ணே, கிழக்க. பைரி” என்றான் தங்கசாமி. கத்தவில்லை, சொன்னான்.

பாண்டித்துரையின் கண் பழக்கப்படி புறாக்களிடம் போயிற்று. மூன்றும் ஏறுமா என்று பார்த்தார். ஏறவில்லை. செவலை ஒரு பக்கம், கறுப்புகள் ஒரு பக்கம் எனப் பிரிந்து, கல் விழுவதைப்போல் கீழே பாய்ந்தன. அவற்றைப் பார்த்து முடித்து, வந்த பறவையைத் தேடிக் கண்ணைத் திருப்பியபோது எதிரே சூரியன் நின்றது. வெளிச்சத்துக்குள் கறுப்பாக ஒன்று உப்புக் குவியலுக்கு அப்பால் தாழ்ந்து மறைந்தது. அதன் றெக்கை எப்படி இருந்தது, வால் எப்படி இருந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

கறுப்புகள் இரண்டும் மாடியில் வந்து விழுந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. செவலையைக் காணோம்.

“சொல்லுங்கண்ணே” என்றான் தங்கசாமி.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் எப்போதும் சொல்கிற வார்த்தைதான் அது. அன்றைக்கு வரவில்லை. பங்குனி உத்திரம் கழிந்துவிட்டது, பைரியெல்லாம் வடக்கே போயிருக்கும் என்று ஒரு நினைப்பு. இவன் போன வருஷம் பருந்துக்குக் கூப்பாடு போட்டவன் என்று ஒரு நினைப்பு. அவருடைய மூன்று புறாவும் அபிராமத்து வானத்தில் நிற்கின்றன என்ற நினைப்பும் இருந்தது. அது இல்லை என்று அவரே சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

“வல்லூறு” என்றார். போனை எடுத்துக் குழுவிலும் அதையே பேசிப் போட்டார். “வாலிநோக்கத்துல வல்லூறு. ரெண்டு புறா இறங்கிருச்சு. முடிஞ்சது.”

  தங்கசாமி கறுப்புகளைப் பிடித்துக் கூண்டில் விட்டான். தண்ணீர் வைத்தான். திரும்பி வந்து பாண்டித்துரைக்கு நேரே நின்றான்.

“ஒண்ணு கேக்கேன், கோவிக்காதீக. வந்ததை உங்க கண்ணால பாத்தீகளா? இல்ல, புறா இறங்குனதப் பாத்துச் சொன்னீகளா?”

பாண்டித்துரை துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கடலுக்குத் தள்ளி உங்க பக்கம் எப்பவாச்சும் ஒரு பைரி வரும். உங்க புறா ஏறும். இங்கன கார்த்திகைல இருந்து அந்தா அந்த உப்புக் குமிமேல தினமும் உக்காந்துருக்கு. ஏறுன புறாவ எல்லாம் பனிக்காலத்துலயே தின்னு தீத்துருச்சுண்ணே. விழுந்தடிச்சு வீட்டுக்கு வந்ததுதான் மிச்சம் இருக்கு. எங்க புறா ஏறாது.”

 அவன் சொன்னது முழுசாக உள்ளே போவதற்குள்ளேயே அது உண்மை என்று பாண்டித்துரைக்குத் தெரிந்துவிட்டது. ஏறினால் பைரி, இறங்கினால் வல்லூறு என்பது அபிராமத்துப் புறாவுக்குச் சரி. கடலோரத்துப் புறாவுக்கு யார் எழுதி வைத்தார்கள்? தினம் சாவைப் பார்க்கிறதுக்குத் தெரியாதா எப்படிப் பிழைப்பதென்று? இதையெல்லாம் அவர் யோசித்தார், யோசித்ததைச் சொல்ல வாயைத் திறந்தார், அப்போது போன் அடித்தது.

பூமிநாதன். ஸ்பீக்கரில் போட வேண்டும். போட்டார்.

“அண்ணே, இங்கன ஒரு பறவை வந்துருக்கு. நம்ம புறாவுக்குப் பக்கத்துல சுத்துது. எனக்கு என்னன்னு சொல்லத் தெரியல. தப்பாச் சொல்லிட்டா வம்பு. நீங்க என்ன சொல்றீகளோ அதக் குழுவுல போட்டுர்றேன்.”

தங்கசாமி நகரவில்லை. போனையும் பார்க்கவில்லை, பாண்டித்துரையின் முகத்தைத்தான் பார்த்தான்.

“எப்படி இருக்கு?” என்றார் பாண்டித்துரை.

“பருந்து அளவு இல்லண்ணே. காக்கா கணக்கா இருக்கும்...”

“குடுங்க, நான் சொல்றேன்” என்று கோகிலாவின் குரல் குறுக்கே வந்தது. “என்னங்க, றெக்கை நுனி கூராருக்கு. விரிஞ்சு இல்ல. வாலும் நீளமில்ல.”

அங்கேயே தெரிந்துவிட்டது. வல்லூறுக்கு றெக்கை வட்டம், வால் நீளம். கூரான றெக்கை, குட்டை வால் என்றால் வேறு எது? வாயில் வார்த்தை வந்து நின்றது. அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் வீட்டுக்குச் சலுகை. இதே மாடியில், இப்போதுதான், இதே வார்த்தையைச் சொல்லக் கேட்ட ஒருத்தனுக்கு இல்லையென்று சொல்லி அவனை வெளியே தள்ளியிருக்கிறார். அவன் எதிரே நிற்கிறான். என் வீட்டுக்கு வல்லூறு, உன் வீட்டுக்குப் பைரியா என்று அவன் கேட்க வேண்டியதில்லை, அந்தக் கேள்வி அங்கே நின்றுகொண்டிருந்தது.

“எப்படிப் பறக்குது?” என்று கேட்டார்.

“சட்டுச்சட்டுனு அடிக்குது, அப்புறம் கொஞ்சம் மெதக்குது. ஏறுதுங்க. புறாவ விட மேல போயிருச்சு. சீக்கிரம் சொல்லுங்க.”

“நெஞ்சு?”

“வெளுப்பு. தலை கறுப்பு, குல்லா போட்ட மாதிரி.”

“புறா என்ன செய்யுது?”

“மூணும் ஒண்ணாக் கூடிருச்சு. அதுகளும் ஏறுது. என்னங்க, நான் கூப்புடவா? பூமிநாதன் அண்ணன் நீங்க சொல்லணுங்கிறாரு. இறக்கிட்டு அது வல்லூறுன்னு ஆச்சுன்னா எல்லாம் போச்சுங்கிறாரு.”

தங்கசாமி கையைக் கட்டிக்கொண்டான். “சொல்லுங்கண்ணே” என்றான். முன்பு கேட்ட அதே குரல்தான். அதில் கேலி இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று பாண்டித்துரைக்குப் பிறகும் விளங்கவில்லை.  இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அது பைரி இல்லை என்று ஆகிவிடாதா, யாருக்கும் தப்பில்லாமல் இந்த நாள் முடிந்துவிடாதா என்று ஒரு மூட ஆசை. படித்தவன், படிக்காதவன் எல்லோருக்கும் அந்த நேரத்தில் வருகிற ஆசைதான்.

“காலு என்ன நிறம்? மஞ்சளாருக்கா, பாரு” என்றார்.

“அம்புட்டு ஒசரத்துல காலு எங்கிட்டுங்க தெரியும்?” கோகிலாவின் குரல் உடைந்தது. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. “தெரியலீங்க. மடக்கி வச்சிருக்கு.”

“பைரி” என்றார் பாண்டித்துரை. “பைரி கோகிலா. இறக்கு. இறக்கிரு.”

டப்பா குலுங்கும் சத்தம் கேட்டது. கூண்டுக் கதவு தகரத்தில் மோதியது. கோகிலா “வா, வா, வா” என்று கூப்பிடுவது கேட்டது. அந்தக் குரலைத் தங்கசாமியும் கேட்டான், கையை அவிழ்த்துவிட்டு அவனும் போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். இரண்டு ஆண்களும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். டப்பாச் சத்தம் நின்றது. 

பூமிநாதன்தான் பேசினார். “அண்ணே. ரெண்டு வந்துருச்சு.”

“எது வரல?”

“கோகிலா அக்கா தரையில உக்காந்துட்டாக.”

அவ்வளவுதான். பாண்டித்துரை போனை வைத்தார். மாடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். எதிரே உள்ளான்கள் மறுபடியும் பாத்தியில் இறங்கி மேய ஆரம்பித்திருந்தன. வாலிநோக்கத்தில் வந்த பைரிதான் அபிராமத்துக்குப் போனதா, அது வேறு இது வேறா என்று இன்றுவரை குழுவில் பேசிக்கொள்கிறார்கள். பைரிக்கு அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை. தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

“எனக்கு வல்லூறுன்னு சொன்னீகல்ல” என்றான் தங்கசாமி. அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.

பாண்டித்துரை போனை மறுபடியும் எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். பிறகு பேசினார். “பாண்டித்துரை பேசுறேன். தங்கசாமி வீட்டுக்கு வந்ததும் பைரிதான். நான் பறவையப் பாக்கல. புறா இறங்குனதப் பாத்து வல்லூறுன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. அவுக வீட்டுக்கு மறுநாள் விட உரிமை உண்டு. என் வீட்டுக்கு வேணாம். என் புறா இந்த வருஷம் பறக்காது.”

தங்கசாமி கேட்டுக்கொண்டிருந்தான். சந்தோஷப்படவில்லை. “இதச் சொன்னதுக்கு நல்லா இருப்பீக. ஆனா எம்புட்டுப் பேசுனாலும் என் செவலை வராதுண்ணே” என்றான். பிறகு கீழே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தான். பாண்டித்துரை வாங்கிக் குடித்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

திரும்பும் வழியில் சாயல்குடியில் இரண்டு பேர் வண்டியை மறித்து, அவர் பேசியதைக் கேட்டதாகவும், இந்தக் காலத்தில் இப்படி ஒப்புக்கொள்ள யாரால் முடியும் என்றும் பாராட்டினார்கள். குழுவிலும் அப்படித்தான் வரிசையாக வந்துகொண்டிருந்தது. கும்பிடும் கைகள், பூக்கள். அவருக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. தன் வாழ்நாளில் ஊரெல்லாம் புகழ்ந்த நாள் இதுதான் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியை ஓட்டினார்.

வீட்டில் பூமிநாதன் போய்விட்டிருந்தார். கோகிலா மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். இவர் படியேறி வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. பாண்டித்துரையும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மிளகாயைக் கூட்டிக் கொடுத்தார். 

“தங்கசாமி வீட்டுல நீங்க பேசுனத பூமிநாதன் அண்ணன் போட்டுக் காமிச்சாரு” என்றாள் கோகிலா. “நல்லாத்தான் பேசிருந்தீக.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது பைரின்னு ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?”

பொய் சொல்ல இடம் இருந்தது. கடைசிக் கேள்விக்கு அப்புறம்தான் தெரிந்தது என்றால் முடிந்தது, அதை மறுக்க உலகத்தில் ஆளில்லை. பாண்டித்துரை கையில் இருந்த மிளகாயைச் சாக்கில் போட்டார்.

“றெக்கை நுனி கூராருக்குன்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சுருச்சு.”

கோகிலா சாக்கைக் கட்டப்போன கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

“பைரின்னு ஒத்த வார்த்தை சொல்லிருந்தா, கேடயமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அந்நேரமே டப்பாவக் குலுக்கிருப்பேன்” என்றாள். “ஒங்களுக்குத் தெரியாமத்தான் கேக்குறீகன்னு நெனச்சேன். காலு மஞ்சளாருக்கான்னு கேட்டீகளே, அது மேல இருந்து மருக்கொழுந்த எறங்கிப் புடிக்கப்போகுது, நான் கண்ணச் சுருக்கிக்கிட்டு அதோட காலத் தேடிக்கிட்டு நிக்கேன்.”